குளிசை எடுப்பவரின் குணம் மாறும்போது

அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடந்த வெங்காயத் தறைக்கு, இரவு இரண்டு மணிக்கு எழும்பி ஒருவர் இறைப்பு மெசினை இயக்கித் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு அயலவர்கள் ரோர்ச் லைற்றுடன் ஓடிவந்தபோது அவர் பாட்டுப் பாடிக்கொண்டு நின்றார். "இந்த முறை பத்துப் பரப்பிலும் போடப் போறன். ஒரு ட்ரக்டரும் எடுக்கப் போறன்" என்றார். அவர் செய்துகொண்டிருந்ததோ இரண்டு பரப்புக் குத்தகைக் காணி. சொந்தக் காணி அப்போது முட்கம்பி வேலிக்கு அப்பால் கிடந்தது. இடம்பெயர்ந்து வந்த நாளிலிருந்து அதிகம் கதையாத, யாரோடும் சண்டைக்குப் போகாத மனிதர் அவர்.

வீட்டார் பயந்துபோனார்கள். முதலில் நூல் கட்டினார்கள். அதன் பிறகு, "சுவாமி, அப்பாவுக்கு என்னவோ பிடிச்சிட்டுது, வந்து ஒருக்கால் செபம் சொல்லுங்கோ" என்று மகள் என்னிடம் வந்தார். போய்ச் செபம் சொன்னேன். அதற்குப் பிறகுதான், "ஐயா என்ன மருந்து எடுக்கிறார்?" என்று கேட்டேன். அதை முதற் கேள்வியாகவே கேட்டிருக்க வேண்டும். உடம்பிலும் வாயிலும் கொப்புளம் போடுகின்ற பெம்பிகஸ் என்ற வருத்தத்துக்காக அவர் மூன்று கிழமை வாட்டில் இருந்து வீட்டுக்கு வந்தவர். தினம் பன்னிரண்டு சின்னக் குளிசைகள். ஒவ்வொன்றும் 5 மில்லிகிராம் பிறெட்னிசலோன். மொத்தம் 60 மில்லிகிராம். துண்டு வெட்டி அனுப்பும்போது, சாப்பிட்ட பிறகு போடச் சொல்லியிருந்தார்கள். இந்தக் குளிசை நித்திரையையும் குணத்தையும் குழப்பக்கூடும் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் அந்த அவசரத்தில் காதில் விழுந்திருக்குமோ தெரியாது.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று அந்த வீட்டில் ஏற்கெனவே நடந்துவிட்டிருந்தது. "இந்தக் குளிசைதான் ஆளைப் பைத்தியமாக்குது" என்று யாரோ ஒருவர் சரியாகவே ஊகித்துச் சொல்ல, மனைவி மூன்று நாட்களாகக் குளிசைப் பையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தார். அன்று பின்னேரம் அவர் வாந்தி எடுத்தார். எழும்பி நிற்கத் தலை சுற்றியது. வியர்த்து, உடம்பு குளிர்ந்து, கதை குழறியது. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். ஊசியும் சேலைனும் ஏற்றி ஆளை மீட்டார்கள். இன்னும் ஒரு இரவு வீட்டில் வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அந்த வாட்டு டொக்டர் சொன்னதை நான் இங்கே எழுதவில்லை.

குளிசை குணத்தை மாற்றும் என்பது தெரியாதது ஒரு பிழை. தெரிந்தவுடன் அதை நிறுத்தியது மற்றப் பிழை. இந்த இரண்டும் உங்கள் வீட்டில் நடக்காமல் இருக்கவே இந்தப் பாடம். தொய்வு, மூட்டு வாதம், சிறுநீரக வருத்தம், தோல் வருத்தம், லூப்பஸ், தொழுநோயின்போது வரும் நரம்பு வீக்கம் என்று பல வருத்தங்களுக்கு இந்த மருந்து கொடுக்கப்படுகிறது. ஒரு கிராமத்தில் நாலைந்து பேராவது இதை எடுத்துக்கொண்டிருப்பார்கள். பலருக்கு அதன் பெயரே தெரியாது.

இது என்ன மருந்து?

எமது ஒவ்வொரு சிறுநீரகத்தின் மேலும் ஒரு சின்னத் தொப்பி போல ஒரு சுரப்பி இருக்கிறது. அதிரீனல் சுரப்பி என்பார்கள். அது கோட்டிசோல் என்ற சாற்றைச் சுரக்கிறது. விடியற்காலையில் அதிகமாகவும் இரவில் மிகக் குறைவாகவும் சுரக்கும். நாம் காலையில் உசாராக எழும்புவதும், காய்ச்சல் காயம் என்று வரும்போது உடம்பு தாக்குப்பிடிப்பதும் இந்தச் சாற்றினால்தான். பிறெட்னிசலோன், டெக்சாமெதசோன், ஹைட்ரோகோட்டிசோன் என்ற மருந்துகள் எல்லாம் இந்தச் சாற்றைப் போலச் செய்யப்பட்டவை. பொதுப்பெயர் ஸ்ரெரொயிட். உடம்பைப் பருக்கச் செய்ய விளையாட்டு வீரர்கள் களவாக எடுக்கும் ஸ்ரெரொயிட் வேறு, இது வேறு.

1948 செப்ரெம்பரில் அமெரிக்காவின் மயோ கிளினிக்கில், மூட்டு வாதத்தால் நடக்கவே முடியாதிருந்த ஓர் இளம் பெண்ணுக்கு பிலிப் ஹென்ச் என்ற வைத்தியர் முதன்முதலாகக் கோட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழும்பி நடந்து கடைத்தெருவுக்குப் போய் வந்தார். 1950-இல் ஹென்ச், கெண்டல், றைக்ஸ்ரைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த முதல் வருடங்களிலேயே வைத்தியர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். சிலர் அளவுக்கு மிஞ்சிய சந்தோசத்தில் மிதந்தார்கள். சிலர் நித்திரை இல்லாமல் அலைந்தார்கள். ஒரு சிலர் புத்தி தடுமாறினார்கள். ஆகவே இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட சங்கதி அல்ல. மருந்தோடு கூடவே பிறந்தது.

அதற்காக மருந்தைப் பழிக்க வேண்டாம். 2020-இல் கொரோனாவினால் மூச்செடுக்க முடியாமல் ஒட்சிசன் ஏற்றப்பட்டவர்களின் உயிரைக் காப்பாற்ற உதவும் என்று முதலில் நிரூபிக்கப்பட்ட மருந்து டெக்சாமெதசோன்தான். விலையும் குறைவு. பெம்பிகஸ் வருத்தம் இந்த மருந்து வருவதற்கு முன் பெரும்பாலும் மரணத்தில் முடிந்தது. எனவே எமது கேள்வி மருந்தை எடுப்பதா விடுவதா என்பதல்ல. எடுக்கின்ற காலத்தில் மனதையும் ஞாபகத்தையும் எப்படிக் காப்பது என்பதுதான்.

மனதில் என்ன நடக்கிறது?

மருந்தின் அளவு கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. 1972-இல் வெளிவந்த பொஸ்ரன் நகர ஆய்வு ஒன்றில், நாளொன்றுக்கு 40 மில்லிகிராமும் அதற்குக் குறைவாகவும் எடுத்தவர்களில் 100 பேரில் ஒருவருக்குச் சற்று மேல் கடுமையான மனக்குழப்பம் வந்தது. 41 முதல் 80 வரை எடுத்தவர்களில் 100 பேருக்கு ஏறக்குறைய 5 பேர். 80-க்கு மேல் எடுத்தவர்களில் 18 பேர். இவை கடுமையான குழப்பம் வந்தவர்களின் கணக்கு. நித்திரைக் குறைவு, சின்ன விசயத்துக்கும் எரிந்து விழுதல், அடிக்கடி அழுகை போன்ற இலேசான மாற்றங்கள் இன்னும் பலருக்கு வரும்.

பெரும்பாலும் இவை குளிசை தொடங்கி அல்லது அளவைக் கூட்டி முதல் இரண்டு கிழமைக்குள் வருகின்றன. முதலில் கெடுவது நித்திரை. இதைக் குடும்பம் நன்றாக மனதில் வைத்திருக்க வேண்டும். ஆள் இரவு மூன்று மணித்தியாலம்தான் படுக்கிறார், ஆனால் காலையில் களைப்பில்லாமல் துள்ளி எழும்புகிறார் என்றால் அது சுகம் வந்ததன் அடையாளமாக இல்லாமல் இருக்கலாம். அடுத்து வாயோயாத கதை, பெரிய திட்டங்கள், கைவிரித்துச் செலவழித்தல், சந்தேகம், கோபம். சிலருக்கு இல்லாத குரல் கேட்கும், இல்லாத ஆள் தெரியும். பல மாதங்கள் தொடர்ந்து எடுப்பவர்களிடம் இதற்கு மாறாகச் சோர்வும் மனப்பாரமும் அதிகம். குளிசையைக் குறைத்துக்கொண்டு வரும்போதும் பலர் சோர்ந்துபோகிறார்கள்.

இங்கே எங்கள் மக்களுக்கு ஒரு விசேட சிக்கல் இருக்கிறது. வீடு, காணி, பிள்ளை என்று இழந்தவர்கள் நாங்கள். ஆள் அழுதுகொண்டிருந்தால், "பட்டதை நினைச்சு அழுகிறார்" என்று விட்டுவிடுவோம். பாதி உண்மையாகவும் இருக்கலாம். எது துக்கம், எது மருந்து என்று பிரித்தறிய வைத்தியருக்கு உதவுவது திகதிதான். குளிசை தொடங்கிய திகதி எது, அளவு கூட்டிய திகதி எது, நித்திரை குழம்பிய திகதி எது? இந்த மூன்றும் தெரிந்தால் டொக்டர் ஐந்து நிமிடத்தில் ஒரு முடிவுக்கு வரலாம். "கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கிறார்" என்று மட்டும் சொன்னால் அவருக்கும் ஒன்றும் விளங்காது.

முன்பு மனவருத்தம் வந்தவர்கள் குளிசை தொடங்கும்போதே அதைச் சொல்ல வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் முன்பு ஒருநாளும் வராதவர்களுக்கும் இது வரும் என்பதற்கு அந்த வெங்காயத் தறை ஐயாவே சாட்சி.

கடற்குதிரையும் ஞாபகமும்

எமது மூளையின் உட்புறத்தில், இரண்டு பக்கமும், காதுக்கு நேரே உள்ளே ஒரு சின்னப் பகுதி வளைந்து கிடக்கிறது. மன்னார்க் கடலில் வலையில் அகப்படுகின்ற கடற்குதிரையைப் போல இருப்பதால் அதற்குக் கடற்குதிரை என்றே கிரேக்க மொழியில் பெயர் வைத்தார்கள். ஹிப்போகம்பஸ். இன்று காலை யார் வந்தார், என்ன சொன்னார், உரத்துக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற புதிய செய்திகளைப் பிடித்துவைப்பது இந்தப் பகுதிதான். கோட்டிசோல் வந்து ஒட்டுகின்ற இடங்கள் மூளையில் இங்கே நிறைய இருக்கின்றன. ஆகவே அந்தச் சாறு மிஞ்சும்போது இந்தப் பகுதியின் வேலை தளர்கிறது.

சுகதேகிகளுக்கு நாலைந்து நாட்கள் மட்டும் உயர்ந்த அளவு கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலேயே, வாசித்துக் காட்டிய சொற்களையும் கதைகளையும் திருப்பிச் சொல்லும் திறன் குறைந்தது. நிறுத்திய பின் திரும்பி வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் எடுத்த நோயாளர்களிடமும் இந்தக் குறை காணப்பட்டது. வயது போனவர்களிடம் அதிகம். நீண்டகாலம் எடுத்தவர்களின் கடற்குதிரைப் பகுதி சற்றுச் சிறுத்திருந்ததாகவும் சில ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

இந்த மறதி எப்படிப்பட்டது என்று கவனியுங்கள். ஏர் பிடிக்க, பாத்தி கட்ட, மாடு கறக்க, தையல் மெசின் மிதிக்க மறக்காது. கை பழகிய வேலை கையோடு இருக்கும். பழைய ஊர்ச் சம்பவங்களும் பெரும்பாலும் இருக்கும். நழுவுவது புதிய விசயம். அதனால்தான் வீட்டார், "வேலை எல்லாம் செய்யிறார், சொன்னதை மட்டும் கேக்கிறாரில்லை, வேணுமெண்டு செய்யிறார்" என்று கோபிக்கிறார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. காதில் விழுந்தது உள்ளே தங்கவில்லை.

தோட்டத்தில் இந்த மறதி ஆபத்தானது. நேற்று மருந்தடித்த மிளகாய்க்கு இன்றும் அடிப்பார். குளிசை போட்டதை மறந்து இன்னொரு தரம் போடுவார். எண்ணெய் அடுப்பை அணைக்க மறப்பார்.

இதைத் தடுக்க ஒரு மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் டலஸ் நகரில் ஷெர்வுட் பிரவுண் என்ற மனநல வைத்தியரும் அவரது குழுவினரும் பல வருடங்களாக இதைத் தேடியிருக்கிறார்கள். வலிப்புக்குக் கொடுக்கும் பினிற்றோயின், லாமோற்றிஜின் போன்ற மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பினிற்றோயின் மனத்துள்ளலைக் கொஞ்சம் தணித்தது, ஞாபகத்துக்கு உதவவில்லை. லாமோற்றிஜின் ஞாபகத்துக்கு உதவுவது போல ஒரு சிறிய ஆய்வில் தெரிந்தது. ஆனால் எல்லோருக்கும் கொடுக்கும் வழமையான சிகிச்சையாக எதுவும் வரவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், "ஞாபகசக்திக்கு நல்லது" என்று போத்தலில் அடைத்து விற்பவர்கள் உங்களிடம் வருவார்கள். காசைக் கொடுக்க வேண்டாம். வலிப்புக் குளிசை வீட்டில் இருக்கிறதே என்று அதை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். பினிற்றோயினும், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் பிறெட்னிசலோனின் பலத்தைக் குறைத்துவிடும். இவற்றில் ஒன்றை ஏற்கெனவே எடுப்பவர்கள் டொக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

உண்மையில் மனதையும் ஞாபகத்தையும் காக்கும் முதல் வழி, வருத்தத்தை அடக்கப் போதுமான ஆகக்குறைந்த அளவை ஆகக்குறைந்த காலத்துக்கு எடுப்பதுதான். அதைத் தீர்மானிப்பவர் டொக்டர். நாங்கள் செய்யக்கூடியது, கிளினிக்குக்குத் தவறாமல் போய், "அளவைக் குறைக்கலாமா? இதைக் குறைக்க உதவும் வேறு மருந்து இருக்கிறதா?" என்று கேட்பது. கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. தொய்வுக்காரருக்குப் பம்ப், தோல் மூட்டு வருத்தக்காரருக்கு வேறு வகைக் குளிசைகள் என்று வழிகள் உண்டு. கிளினிக் தவறினால் பழைய பெரிய அளவே மாதக்கணக்கில் தொடரும். பஸ் காசு இல்லை என்று மூன்று மாதம் போகாமல், அதே துண்டைக் காட்டிக் கடையில் வாங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலாவது, நேரம். சுரப்பி காலையில் சுரக்கிறது என்று சொன்னேன். குளிசையையும் டொக்டர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் காலைச் சாப்பாட்டோடு போட வேண்டும். இரவில் போட்டால் நித்திரை போகும். நித்திரை போனால் மனமும் ஞாபகமும் அதன் பின்னாலே போகும். இரண்டு நேரமாக எடுக்கச் சொல்லியிருந்தால், இரண்டாவதைப் பின்னேரம் வரை இழுக்காமல் மதியத்தோடு எடுக்கலாமா என்று கேளுங்கள். பின்னேரத் தேத்தண்ணியையும் கோப்பியையும் குறைத்தால் உதவும். தறப்பாள் கொட்டிலில் ஏழு பேர் படுக்கும்போது நல்ல நித்திரைக்கு எங்கே போவது என்று கேட்ட அம்மா ஒருவருக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவருக்குச் சுவரோரமாக ஓர் இடத்தை ஒதுக்கி, விளக்கை மறைக்க ஒரு சீலையைக் கட்டி விட்டோம். அவ்வளவுதான் முடிந்தது.

இரண்டாவது, கலண்டர். கடைகளில் வருடப்பிறப்புக்குத் தருகின்ற மாதக் கலண்டர் போதும். ஒவ்வொரு நாள் கட்டத்திலும் மூன்று குறி. குளிசை போட்டவுடன் ஒரு சரி. இரவு எத்தனை மணித்தியாலம் படுத்தார் என்று ஓர் எண். மனநிலைக்கு ஒரு கோடு: சாதாரணமாக இருந்தால் நேர்கோடு, துள்ளினால் மேல்நோக்கி, சோர்ந்தால் கீழ்நோக்கி. இதை வருத்தக்காரர் அல்ல, கூட இருப்பவர் போட வேண்டும். துள்ளிக்கொண்டிருப்பவர் தனக்கு ஒன்றுமில்லை என்றே சொல்வார். எழுதத் தெரியாத வீடுகளில் பிள்ளைகள் போடலாம். மூன்று நாள் தொடர்ந்து நித்திரை நாலு மணித்தியாலத்துக்குக் குறைந்தாலோ, கோடு மூன்று நாள் ஒரே பக்கம் சாய்ந்தாலோ, அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் கலண்டரோடு போங்கள்.

மூன்றாவது, மில்லிகிராம். "காலையில் நாலு குளிசை" என்று ஞாபகம் வைப்பது எமது வழக்கம். இது இடம்பெயர்ந்தவர்களுக்குக் கண்ணி. பிறெட்னிசலோன் 5 மில்லிகிராமிலும் உண்டு, 1 மில்லிகிராமிலும் உண்டு. ஓர் இடத்தில் தந்த நாலு 20 ஆகவும், இன்னோர் இடத்தில் தந்த நாலு 4 ஆகவும் இருக்கலாம். டெக்சாமெதசோன் இன்னும் பலமானது. அதில் முக்கால் மில்லிகிராம் பிறெட்னிசலோன் 5 மில்லிகிராமுக்குச் சமன். ஆகவே பெயரையும் மில்லிகிராமையும் எழுதி வையுங்கள். குளிசை வந்த அட்டையை எறிய வேண்டாம்.

நான்காவது, காசும் காணியும். இது டொக்டர்மார் சொல்லாத விசயம், நான் சொல்கிறேன். ஆள் துள்ளுகின்ற காலத்தில் கையெழுத்து வைக்க விடாதீர்கள். காணி உறுதி, பேர்மிற், வங்கிக் கடன், சீட்டு, நகை அடைவு எல்லாம் ஒரு மாதம் பொறுக்கும். அந்த ஐயா ட்ரக்டருக்கு முற்பணம் கொடுக்க மனைவியின் இரண்டு பவுண் சங்கிலியை அடைவு வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது. வாங்கியவருக்கு அவர் சுகமில்லாதவர் என்று தெரியாது. தெரிந்திருந்தும் வாங்கினாரோ என்று மனைவிக்கு இன்றும் சந்தேகம். உறுதியையும் நகையையும் சிறிது காலம் நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வைப்பது அவமானம் அல்ல.

ஐந்தாவது, பூச்சிமருந்து. மனப்பாரம் வந்தவர் சாக வேண்டும் என்று சொன்னால் அதைச் சும்மா பேச்சாக எடுக்க வேண்டாம். 1995-இல் இலங்கை உலகிலேயே மிக அதிகமாகத் தற்கொலை நடக்கும் நாடுகளில் ஒன்றாக இருந்தது. ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர். அதில் பெரும் பங்கு விவசாய நஞ்சு. கடும் நஞ்சுகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. பரகுவாற் உட்பட மூன்று நஞ்சுகள் 2008-க்கும் 2011-க்கும் இடையில் நிறுத்தப்பட்டன. மரணங்களும் பெருமளவு குறைந்தன. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாமலிருப்பது எத்தனை உயிரைக் காக்கிறது என்பதை எமது நாடே காட்டியிருக்கிறது. வீட்டில் ஒருவர் ஸ்ரெரொயிட் எடுக்கும் காலத்தில் நஞ்சுப் போத்தல்கள் வீட்டில் இருக்கவே கூடாது. பூட்டுள்ள பெட்டியில், வேறு வீட்டில், திறப்பு இன்னொருவர் கையில். மறதியால் வரும் விபத்தையும் இது தடுக்கும். அவசரமாகக் கதைக்க வேண்டுமானால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

ஞாபகத்துக்கு உதவச் சின்ன வழிகள் உண்டு. ஒரு விசயத்தை ஒரு தரத்தில் ஒன்றாகச் சொல்லுங்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மருந்தடித்த பாத்தித் தலைப்பில் ஒரு தடியை நட்டு, திகதி எழுதிய துணித்துண்டைக் கட்டி விடுங்கள். திறப்பு, கண்ணாடி, கிளினிக் கொப்பி மூன்றுக்கும் ஒரே ஓர் ஆணி. அவரைச் சும்மா இருத்தி வைக்காமல், முடிந்த வேலையைச் செய்ய விடுங்கள். சனங்களோடு கதைக்க விடுங்கள். பழைய கதையை அவரிடமே கேளுங்கள். அது அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும்.

திடீரென்று நிறுத்தினால்

வெளியிலிருந்து மருந்து வருவதால், சிறுநீரகத் தொப்பிச் சுரப்பி தன் வேலையை விட்டுவிட்டு நித்திரைக்குப் போகிறது. மூன்று கிழமைக்கு மேல் குளிசை எடுத்தவர்களும், 40 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஒரு கிழமைக்கு மேல் எடுத்தவர்களும், டொக்டரைக் கேளாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. சுரப்பி மீண்டும் விழித்தெழக் கிழமைகள், சிலருக்கு மாதங்கள் எடுக்கும். படிப்படியாகக் குறைப்பது அதற்காகத்தான். திடீரென்று நிறுத்தினால் கடும் களைப்பு, வாந்தி, வயிற்றுக்குத்து, எழும்பினால் மயக்கம், கதை குழறல் வரும். இது உயிராபத்து. 1990 அம்புலன்சுக்கு எடுத்து, வந்தவுடன் முதல் வார்த்தையாக, "ஸ்ரெரொயிட் எடுக்கிறவர், இத்தனை நாளாக நிறுத்தியிருக்கிறார்" என்று சொல்லுங்கள். வயிற்றோட்டம் வாந்தியால் குளிசை உள்ளே நிற்காவிட்டாலும் இதே ஆபத்துத்தான்.

மனம் குழம்பினால் நிறுத்துவதற்குப் பதிலாக அன்றே டொக்டரிடம் கொண்டுபோங்கள். அவர் அளவைக் குறைப்பார், அல்லது குறைக்க முடியாத வருத்தமானால் சிறிது காலத்துக்கு மனதைத் தணிக்கும் குளிசை ஒன்றைச் சேர்ப்பார். அதைக் கண்டு, "ஆளைப் பைத்தியக்காரனாக்கிப் போட்டினம்" என்று பயப்பட வேண்டாம். அளவு குறையக்குறையப் பெரும்பாலானோர் சில நாட்களிலோ சில கிழமைகளிலோ பழைய நிலைக்கு வந்துவிடுகிறார்கள். காய்ச்சலோடு சேர்ந்து புத்தி தடுமாறினால் மட்டும் குளிசையைக் குற்றம் சொல்லிக்கொண்டு இருக்கக் கூடாது. இந்த மருந்து எடுப்பவர்களுக்குத் தொற்று இலகுவாக வரும். மூளைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். சீனி கூடியும் ஆள் மந்தமாகலாம், அதையும் சோதிக்க வேண்டும்.

முட்டுக்கு இழுக்கும் பம்புகள் சிலவற்றில் இருப்பதும் இந்த வகை மருந்துதான். ஆனால் அளவு மிகக் குறைவு, நேரே சுவாசப்பைக்குப் போகிறது. இந்தப் பாடத்தை வாசித்துவிட்டுப் பம்பை எறிந்துவிடாதீர்கள். இழுத்த பின் வாயைக் கொப்பளித்தால் போதும்.

பிள்ளைகள்

சிறுநீரில் புரதம் போய் உடம்பு வீங்கும் பிள்ளைகளுக்கு இந்தக் குளிசையைக் கிழமைக்கணக்கில் கொடுப்பார்கள். முகம் பூசணிக்காய் போலாகும். பிள்ளைக்குப் பசி அடங்காது. அளந்து சமைக்கும் வீட்டில், தம்பியின் பங்கையும் எடுத்துச் சாப்பிடும் பிள்ளைக்கு அடிதான் விழும். அந்தப் பசி பிள்ளையின் கள்ளம் அல்ல. பள்ளிக்கூடத்திலும் ரீச்சருக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நேற்று வரை அமைதியாக இருந்த பிள்ளை இன்று கொப்பியைக் கிழித்து எறிவதற்கும், பாடமாக்கியது வராமல் நிற்பதற்கும் காரணம் இருக்கிறது என்று அவருக்கும் தெரிய வேண்டும். மற்றப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பட்டம் தெளிப்பதை நிறுத்த அவரால்தான் முடியும்.

துண்டில்லாமல் வாங்குவது

உடம்பு வைக்க, நாரிநோ மாற, தொய்வு வராமலிருக்க என்று பெயர் தெரியாத சின்னக் குளிசைகளை வாங்கிப் போடும் பழக்கம் எங்களிடம் உண்டு. மூட்டு நோவுக்கென்று விற்கப்பட்ட சில நாட்டு மருந்துத் தூள்களில் ஸ்ரெரொயிட் கலந்திருந்ததைப் பல நாடுகளில் சோதித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தூள் சாப்பிட்ட இரண்டாம் நாளே இருபது வருட நோவு பறந்துபோய், பசியும் உசாரும் பெருகினால் சந்தேகப்படுங்கள். பல கிழமைகள் சாப்பிட்டுவிட்டீர்களானால் அதையும் திடீரென்று விடாமல், மிச்சத் தூளைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏச்சு விழுந்தாலும் பரவாயில்லை.

அந்த ஐயாவுக்கு 60 மில்லிகிராமை வேறொரு மருந்தின் உதவியோடு பல மாதங்களாகக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். 10-க்கு வந்தபோது கொப்புளமும் இல்லை, துள்ளலும் இல்லை. ஒரு இரண்டு மாதம் மிகவும் சோர்ந்திருந்தார். மகள் கலண்டரில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். இரவில் தண்ணீர் கட்டியது அவருக்குக் கொஞ்சமும் ஞாபகமில்லை. நாங்கள் சொன்னபோது நம்பவில்லை. மண்ணெண்ணெய்க் கணக்கைக் காட்டியபோதுதான் நம்பினார். சங்கிலியை அடுத்த போக வெங்காயம் விற்று மீட்டார்.

மகள் ஒரு மட்டைத் துண்டில் எழுதி, பொலித்தீனில் போட்டு, அவருடைய சேட்டுப் பொக்கற்றில் வைத்துவிட்டார். அதில் இருப்பது இவ்வளவுதான்: அவருடைய பெயர், வருத்தத்தின் பெயர், "பிறெட்னிசலோன்", எத்தனை மில்லிகிராம், தொடங்கிய திகதி, கடைசியாக அளவு மாற்றிய திகதி, "திடீரென்று நிறுத்தக் கூடாது" என்ற வரி, மகளின் போன் இலக்கம். அளவு மாறும்போதெல்லாம் பழையதை வெட்டிவிட்டுப் புதியதைப் பென்சிலால் எழுதுகிறார். மற்றதெல்லாம் பேனையால்.